பத்துக்கு ஆறு எடுத்தால் எல்.எல்.ஆர். பாஸ்! ரோட்டில் எத்தனை எடுக்க வேண்டும்?

லைசென்சுக்குப் போகும் தம்பிமார்களே, கொஞ்சம் நில்லுங்கள்!

சுந்தரபாண்டியம்:

"எல்.எல்.ஆர். தானே? அதெல்லாம் ஒரு டெஸ்டா? போய்க் கிளிக் பண்ணிட்டு வந்துட வேண்டியதுதான்!"

டீக்கடை பெஞ்சில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. எட்டாம் வகுப்புக் கணக்குப் பரீட்சைக்குப் படித்த அளவுகூட இந்தத் தேர்வுக்கு யாரும் படிப்பதில்லை. கணக்கில் கோட்டை விட்டால் மார்க்குதான் போகும். இதில் கோட்டை விட்டால் உயிரே போகும்.

சுந்தரபாண்டியம், வத்திராயிருப்பு, கிருஷ்ணன்கோவில் பக்கத்துக்காரர்களுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரப் போக்குவரத்து ஆபீசுதான். முதல் படி பழகுநர் லைசென்சு. ஊர் வழக்கில் எல்.எல்.ஆர். விண்ணப்பம் இப்போது கம்ப்யூட்டரில். 2024 மார்ச் மாதம் முதல் இ-சேவை மையங்களிலும் போட்டுக் கொள்ளலாம். மத்திய அரசு விதிப்படி லைசென்சுக் கட்டணம் ஒரு வகை வண்டிக்கு 150 ரூபாய், தேர்வுக்கு 50 ரூபாய். சேவைக் கட்டணம் தனி. 40 வயது தாண்டியவர்களுக்கு டாக்டர் சான்றிதழும் வேண்டும்.

முன்பெல்லாம் பிரேக் இன்ஸ்பெக்டர் படத்தைக் காட்டி, "இது என்னப்பா?" என்று கேட்பார். திருதிருவென்று முழித்தால் திருப்பி அனுப்பிவிடுவார். இப்போது கம்ப்யூட்டர் கேட்கிறது. நூற்றுக்கு 60 எடுத்தால் பாஸ். அதாவது பத்துக்கு ஆறு.

அப்படியானால் பத்தில் நாலு தெரியாமலே ஒருவர் வண்டியோடு ரோட்டுக்கு வந்துவிடலாம். அந்த நாலு எந்த நாலு? அங்கேதான் ஆபத்து இருக்கிறது!

இங்கிலாந்தில் என்ன கணக்கு தெரியுமா? 1996-ல் அங்கே லைசென்சுக்குத் தனி எழுத்துத் தேர்வு வந்தது. கார், மோட்டார் சைக்கிள் தேர்வில் இப்போது 50 கேள்வி. 43-க்குச் சரியாகப் பதில் சொன்னால்தான் பாஸ். அதோடு விட்டார்களா? 2002 முதல் ரோட்டுக் காட்சிகளைப் படமாக ஓட்டிக் காட்டி, ஆபத்து எங்கே வருகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள்.

கேட்பது என்ன?

1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 11-வது விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது. நாலே விஷயம்தான்.

ஒன்று, போக்குவரத்துச் சின்னங்கள், சிக்னல், சாலை விதிகள். இரண்டு, விபத்து நடந்தால் டிரைவரின் கடமை. மூன்று, ஆளில்லா ரெயில்வே கேட்டைக் கடக்கும்போது கவனிக்க வேண்டியது. நாலு, வண்டியில் வைத்திருக்க வேண்டிய ஆவணங்கள்.

இந்த நாலையும் நம்ம ஊர் ரோட்டில் வைத்துப் பார்ப்போம்.

போர்டு பேசுகிறது!

சின்னங்களை மொட்டை மனப்பாடம் பண்ண வேண்டாம். வடிவத்தைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

வட்டமாக இருந்தால் அது உத்தரவு. மீறினால் அபராதம். முக்கோணமாக இருந்தால் எச்சரிக்கை. வளைவு வருகிறது, பள்ளிக்கூடம் வருகிறது என்று முன்கூட்டியே சொல்கிறது. நீள்சதுரமாக இருந்தால் தகவல். ஆஸ்பத்திரி, பெட்ரோல் பங்க் எங்கே என்று காட்டுகிறது.

இரண்டு மட்டும் தனி ரகம். எட்டு மூலை போர்டு என்றால் "நில்". தலைகீழ் முக்கோணம் என்றால் "வழி விடு". தூசி படிந்து எழுத்து மறைந்தாலும் வடிவம் தெரிய வேண்டும் என்றுதான் இப்படி வைத்தார்கள்.

யாருக்கு வழி?

ஊர் ரோட்டிலிருந்து திருமங்கலம் - கொல்லம் நெடுஞ்சாலையில் ஏறுகிறீர்கள். கேரளாவுக்குப் போகும் லாரிகளும் வெளியூர் பஸ்களும் ஓடுகிற ரோடு அது. சிக்னல் இல்லை, போலீஸ்காரரும் இல்லை. முதலில் போக வேண்டியது யார்?

மெயின் ரோட்டில் வருகிறவர்தான். கிளை ரோட்டுக்காரர் நின்று, பார்த்து, பிறகுதான் ஏற வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி ரோடு என்றால், உங்களுக்கு வலது பக்கத்தில் வருகிறவருக்கு வழி விட வேண்டும்.

"நான் ஆரன் அடிச்சேனே" என்பது பதில் அல்ல. ஆரன் அடித்தவருக்கு வழி என்று எந்த விதியிலும் இல்லை!

அமாவாசை, பவுர்ணமி வந்தால் சதுரகிரிக்குப் போகும் கூட்டம் வத்திராயிருப்பு வழியாகத் தாணிப்பாறைக்கு வண்டி வண்டியாய் வருகிறது. வருகிற டிரைவருக்கு ஊர் புதிது. எங்கே சந்து, எங்கே வளைவு என்று தெரியாது. உள்ளூர்க்காரர்தான் இரண்டு மடங்கு கவனமாக இருக்க வேண்டும்.

கேட் போட்டாச்சு!

ஆளில்லா கேட் என்றால் வண்டியை நிறுத்த வேண்டும். கண்டக்டரோ கிளீனரோ இருந்தால் அவர் நடந்துபோய் இரண்டு பக்கமும் பார்த்து வழி காட்ட வேண்டும். யாரும் இல்லை என்றால் டிரைவரே இறங்கிப் பார்க்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 131-வது பிரிவு இது.

அகல ரெயில் பாதைகளில் ஆளில்லா கேட்டுகள் எல்லாவற்றையும் 2019 ஜனவரிக்குள் ரெயில்வே ஒழித்துவிட்டது. "அப்புறம் எதுக்கு இந்தக் கேள்வி?" என்கிறீர்களா? ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாக ரெயில் போகிறது. கேட் மூடியிருக்கையில் வண்டியைச் சாய்த்து அடியில் நுழைக்க ஆசைப்படுகிறவர்களுக்காகத்தான்! அடைத்த கேட்டைத் திறந்தால் 3 ஆண்டு வரையிலும், உடைத்தால் 5 ஆண்டு வரையிலும் ஜெயில் உண்டு.

விபத்தா? ஓடாதே!

பலரும் தப்பாகப் பதில் சொல்லக்கூடிய கேள்வி இது. ஆளை இடித்துவிட்டால் என்ன செய்ய வேண்டும்?

அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல ஏற்பாடு செய்ய வேண்டும். 108-க்குப் போன் போடலாம். போலீசுக்கு எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். கூட்டம் அடிக்க வரும் என்ற நிலை இருந்தால் தவிர, அடிபட்டவரை விட்டுப் போகக்கூடாது.

செலவை நினைத்தும் பயப்பட வேண்டாம். 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய "இன்னுயிர் காப்போம்" திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். உதவி செய்கிறவரைக் கேஸ், சாட்சி என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2019-ல் சட்டமே திருத்தப்பட்டது.

2022-ல் மட்டும் இந்தியாவில் சாலை விபத்தில் செத்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் 17,884 பேர். நாடு முழுவதும் செத்தவர்களில் 100-க்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் போனவர்கள்.

அப்பாவுக்கும் ஜெயில்!

கியர் வண்டிக்கும் காருக்கும் 18 வயது. 50 சி.சி.க்கு மேல் போகாத கியர் இல்லாத வண்டிக்கு மட்டும், பெற்றோர் சம்மதத்துடன் 16 வயது.

"பையன் ரைஸ்மில் வரைக்கும்தானே போறான்" என்று சாவியைக் கொடுக்கிற அப்பாமார்களே! 18 வயது ஆகாத பிள்ளை குற்றம் செய்தால், பெற்றோருக்கோ வண்டிக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை ஜெயிலும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்சு கிடையாது.

லைசென்சு இல்லாமல் ஓட்டினால் அபராதம் 5,000 ரூபாய். குடித்துவிட்டு ஓட்டினால் முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை ஜெயில். இரண்டும்கூடச் சேரலாம்.

இன்சூரன்சு விஷயம் இதைவிடப் பெரிது. பழகுநர் லைசென்சும் லைசென்சுதான், அதைக் காட்டி இன்சூரன்சு கம்பெனி கழன்றுகொள்ள முடியாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2004-ல் சுவரண்சிங் வழக்கில் சொன்னது. லைசென்சே இல்லாதவரிடம் தெரிந்தே வண்டியைக் கொடுத்திருந்தால்? அடிபட்டவருக்குக் கம்பெனி கொடுத்த பணத்தை வண்டிக்காரரிடம் வசூலிக்கலாம். லட்சக்கணக்கில் வந்தால் வீடு, வயல் எல்லாம் போய்விடும்!

எல் போர்டு எதற்கு?

எல்.எல்.ஆர். கிடைத்ததும் முழு லைசென்சு வந்துவிட்டதாக நினைக்கக் கூடாது. வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளையில் சிவப்பு "எல்" எழுத்து இருக்க வேண்டும். லைசென்சு உள்ள ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்லித்தர வேண்டும். மோட்டார் சைக்கிளில் பின்னால் அவர் மட்டுமே உட்காரலாம். கூட்டாளியை ஏற்றிக்கொண்டு சினிமாவுக்குப் போக அனுமதி இல்லை!

எல்.எல்.ஆருக்கு ஆயுள் 6 மாதம். 30 நாள் ஆன பிறகே ஓட்டிக்காட்டும் தேர்வுக்குப் போக முடியும். அந்த 30 நாள் பழகுவதற்குத்தான்.

எப்படிப் படிப்பது?

ராஜபாளையத்துக்கோ ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ வேலைக்குப் போகிறவர்கள் பஸ்சில் ஜன்னல் ஓரம் உட்காருங்கள். வழியில் வரும் ஒவ்வொரு போர்டுக்கும் பெயர் சொல்லிப் பாருங்கள். பத்து நாளில் எல்லாச் சின்னமும் அத்துப்படி.

லைசென்சு, ஆர்.சி., இன்சூரன்சு, புகைச் சான்றிதழ் இந்த நாலும் கூடவே இருக்க வேண்டும். டிஜிலாக்கரில் செல்போனில் காட்டினாலும் செல்லும்.

தேர்வுக்கு முன்னால் கம்ப்யூட்டரில் சாலைப் பாதுகாப்பு வீடியோ ஓடும். அதைத் தள்ளிவிடாமல் முழுசாகப் பாருங்கள். பக்கத்தில் ஆளை நிறுத்திப் பதில் கேட்டு எழுதுவதில் பிரயோசனம் இல்லை. நாளைக்கு லாரி எதிரே வரும்போது அந்த ஆள் பக்கத்தில் இருக்க மாட்டார்.

பெயில் ஆனால் என்ன? வெட்கப்பட ஒன்றும் இல்லை. மறுபடியும் 50 ரூபாய் கட்டி, படித்துவிட்டு வாருங்கள். தெரியாமல் பாஸ் ஆகி ரோட்டுக்கு வருவதைவிட அது எவ்வளவோ மேல்.