அவசரமில்லாத தொடுகை

கூட்டம் முடிந்து பாயைச் சுருட்டும் நேரத்தில்தான் சில கேள்விகள் வரும். வரிப்பத்தான்சேனை போன்ற நமது ஊர்களில் அது வழமை. சங்கக் கடன், விதைநெல், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் பேசி முடிந்த பிறகு, ஒருத்தி காதருகே வந்து கேட்பாள்: “ராத்தா, எனக்கு அதுல ஒண்டுமே தெரியிதில்ல. அவருக்காகத்தான் இரிக்கன். என்ட உடம்புல ஏதும் பிழையா?”

பிழை ஒன்றுமில்லை, சகோதரி. இந்தக் கேள்வியோடு வாழும் பெண்கள் பலர்.

யுத்தம் 2009இல் முடிந்தது. ஆனால் உடம்புக்கு அது உடனே தெரிவதில்லை. இரவில் நாய் குரைத்தால் மூச்சை அடக்கிய உடம்பு அது. வயலுக்குப் போனவர் திரும்பும் வரை வயிற்றை இறுக்கிக் கொண்டிருந்த உடம்பு. பயந்திருக்கும்போது தசைகள் இறுகும், ஈரம் சுரப்பது குறையும். அந்நேரத்தில் அவசரமாகத் தொட்டால் வலியும் வெறுப்புமே மிஞ்சும்.

உடம்பை அறிவோம்

பெண்ணுறுப்பின் மேற்புறத்தில், இரு உதடுகளும் சேரும் இடத்தில், தோல்மூடிக்குள் ஒரு சிறு மொட்டு உண்டு. கிளிட்டோரிஸ் என்பார்கள். இன்ப உணர்வுக்காகவே அமைந்த உறுப்பு இது. வெளியில் தெரிவது அதன் நுனி மட்டுமே. பெரும்பகுதி உள்ளே, யோனியின் இருபுறமும் பரந்திருப்பதை அவுஸ்திரேலிய சத்திரசிகிச்சை நிபுணர் ஹெலன் ஓகொனல் 1998இல் விளக்கிக் காட்டினார்.

அமெரிக்காவில் 1,055 பெண்களிடம் கேட்டு 2018இல் வெளியான ஆய்வில், உடலுறவு மட்டுமே உச்ச இன்பத்துக்குப் போதும் என்றவர்கள் நூற்றுக்கு 18 பேரளவில்தான். மற்றப் பலருக்கும் இந்த மொட்டின் தொடுகை தேவைப்பட்டது, அல்லது அதனால் இன்பம் கூடியது.

நேரே தொடாமல் தொடுவது

அந்த நுனி மிகவும் கூச்சமுள்ளது. நேரே அழுத்தினால் பலருக்கு எரிச்சலாகும். ஆகவே சுற்றி வருவதே நல்லது.

முதல் சில நாட்களுக்கு உடலுறவு இல்லை என்று கணவனும் மனைவியும் பேசி முடிவெடுங்கள். கை, முதுகு, தலைமுடி, பாதம் என்று பதினைந்து நிமிடம் ஒருவர் தொட, மற்றவர் உணரட்டும். பிறகு மாறிக்கொள்ளுங்கள். மாஸ்டர்ஸ், ஜோன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1970இல் எழுதி வைத்த முறையின் சாரம் இதுதான். ‘அடுத்து என்ன’ என்ற பயம் நீங்கினால் உடம்பு தானே இளகும்.

பின்னர் உடுப்பின் மேலாக உள்ளங்கையை வைத்து ஆறுதலாக அழுத்தலாம். அடுத்து வெளி உதடுகளை, மொட்டின் பக்கங்களை, தோல்மூடியின் மேலாக, விரல் நுனியால் மெதுவாக வட்டமிடலாம். நன்றாக இருந்தால் வேகத்தை மாற்றாமல் அப்படியே தொடருங்கள். கூச்சம் மிகுந்தால் நிறுத்தி, மூச்சு விட்டு, மீண்டும் தொடங்குங்கள். வாயால் சொல்ல வெட்கமென்றால் அவர் கையின் மேல் உங்கள் கையை வைத்து வழிகாட்டுங்கள்.

ஈரம் போதாவிட்டால் மருந்துக்கடையில் நீர்த்தன்மையான ஜெல் கேட்டு வாங்கலாம். ஆணுறை பாவிப்பவர்கள் தேங்காயெண்ணெய் பூச வேண்டாம். சாதாரண ரப்பர் உறை எண்ணெய் பட்டால் கிழிந்துவிடும்.

சிறு வயதில் ஒஸ்தா மாமியின் கத்தி பட்டவர்களும் நம்மிடையே உள்ளார்கள். தழும்பு இருந்தால் அந்த இடம் மரத்தோ வலித்தோ போகலாம். ஆனால் உள்ளே உள்ள பகுதி அப்படியே இருக்கும். பக்கங்களில் மெதுவாகத் தொட்டால் பலருக்கு உணர்வு வரும். வைத்தியர்கள் இதைச் செய்யக் கூடாதென்று சுகாதார அமைச்சு 2018இல் சுற்றுநிருபம் அனுப்பியது. நமது பிள்ளைகளுக்கு அது வேண்டாம்.

வெட்கப்பட வேண்டுமா?

தன் தேவை முடிந்ததும் கணவன் எழுந்துவிடாமல், மனைவியின் தேவையும் நிறைவேறும் வரை காத்திருக்க வேண்டும் என்று இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் எழுதி ஒன்பது நூற்றாண்டு கடந்துவிட்டது. ஆகவே இது புதிதாக வந்த பேச்சல்ல.

கணவரை இழந்தவர்களுக்கும் உடம்பு உண்டு. இரவில் கை கால்களுக்கு எண்ணெய் தடவி, தன் உடம்பைத் தானே அன்பாகத் தொடுவதும் மனதை ஆற்றும்.

ஒன்றை மறக்க வேண்டாம். ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்கு வீட்டுக்குள்ளும் மதிப்புண்டு. தொடும்போது பழைய பயங்கரம் கண்முன் வந்தால் உடனே நிறுத்துங்கள். தொடர்ந்து வலியோ இரத்தப்போக்கோ இருந்தால் உங்கள் பகுதி மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள். அவர் கிளினிக்குக்கு வழிகாட்டுவார். வற்புறுத்தலோ அடியோ இருந்தால் பெரிய ஆஸ்பத்திரிகளிலுள்ள ‘நட்பு நிலையம்’ உங்களுக்காக இருக்கிறது. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

அடுத்த முறை பாய் சுருட்டும் வரை காத்திருக்க வேண்டாம். இருந்தே பேசுவோம்.