கடன் தீர்த்த யாத்திரை

தமிழிலே கடன் என்னும் சொல் இருபொருள் தருவது. ஒருவன் செய்தற்குரிய கடமையும் கடன். பிறரிடம் பெற்றுத் திருப்பிக் கொடுத்தற்குரிய பொருளும் கடன். பிற்காலத்தார் முன்னதனைக் கடமை என்றும் பின்னதனைக் கடன் என்றும் பிரித்து வழங்கினராயினும், காலைக்கடன், நேர்த்திக்கடன், ஈமக்கடன் என்னும் வழக்குகளிலே பழம்பொருள் இன்றும் உயிரோடிருக்கின்றது. வாங்கிய அளவு குறையாமல் அவ்வளவே திருப்பிக் கொடுத்தற்குரிய கடனுக்குக் குறியெதிர்ப்பை என்று தனிப்பெயரே பழைய நூல்களில் உண்டு. பெற்றதைத் தீர்த்தலும் செய்வதற்குரியதைச் செய்தலும் வேறல்ல என்று கண்டவர்கள் இச்சொல்லை ஆக்கியோர்.

இவ்விரு பொருளும் ஒருவர் வாழ்விலே ஒன்றாகி நின்றமைக்கு எடுத்துக்காட்டு வேண்டுவோர், அமெரிக்க எழுத்தாளர் மார்க் டுவெய்ன் 1895 ஆம் ஆண்டிலும் 1896 ஆம் ஆண்டிலும் செய்த உலகப் பிரயாணத்தை நோக்குதல் தகும். அது உல்லாசப் பிரயாணமன்று. கடன் தீர்ப்பதற்காகவே ஊர் ஊராகப் பேசிச் சென்ற பிரயாணம். அவ்வழியில் அவர் நம் கொழும்பு நகரிலும் இறங்கினார்.

மார்க் டுவெய்ன் என்பது புனைபெயர். இயற்பெயர் சாமுவேல் கிளெமென்ஸ். 1835 ஆம் ஆண்டு பிறந்தவர். ரொம் சோயர், ஹக்கிள்பெரி பின் என்னும் சிறுவர் இருவரின் கதைகளால் நம் மாணாக்கரும் அவரை அறிவர். நகைச்சுவையாற் பெரும்பொருள் ஈட்டிய அவர், தமது ஐம்பத்தெட்டாம் வயதிலே கடனாளியாய் நின்றார். அந்நிலை எங்ஙனம் வந்தது என்பதை முதலிற் காண்போம்.

அவர் செல்வம் இரண்டு வழியாக ஒழுகிற்று. ஒன்று, பேய்ஜ் என்பவர் அமைத்த அச்செழுத்துக் கோக்கும் பொறி. பதினெண்ணாயிரம் உறுப்புக்கள் கொண்ட அப்பொறி, ஓடும்பொழுது வியப்பை விளைத்தது. ஆனால் ஓடியதிலும் பழுதுற்று நின்றதே மிகுதி. 1880 ஆம் ஆண்டையடுத்து அதிற் பணமிடத் தொடங்கிய மார்க் டுவெய்ன், ஒரு காலத்தில் மாதந்தோறும் மூவாயிரம் டொலர் வரையில் அதற்கு இறைத்தார். இதற்கிடையில் 1886 ஆம் ஆண்டிலேயே லைனோடைப் என்னும் வேறொரு பொறி நியூயோர்க் நகரப் பத்திரிகையொன்றில் வேலைசெய்யத் தொடங்கிவிட்டது. பேய்ஜின் பொறியோ இன்னும் ஒரு திருத்தம், இன்னும் ஒரு மாதம் என்று கேட்டுக்கொண்டேயிருந்தது.

மற்றொன்று, அவர் தம் உறவினர் வெப்ஸ்டர் என்பவரை முன்வைத்து நடத்திய பதிப்புக் கம்பனி. அது தொடக்கத்தில் நன்றே நடந்தது. கடனில் மூழ்கி, நோயோடு போராடி, மரணத் தறுவாயிலிருந்து முன்னாள் ஜனாதிபதி கிராண்ட் எழுதிய நினைவுநூலை 1885 ஆம் ஆண்டில் வெளியிட்டு, அவர் மனைவிக்கு மறு ஆண்டில் இரண்டு இலட்சம் டொலருக்கு ஒரே காசோலை கொடுத்த கம்பனி அது. பிறர் குடும்பத்தைக் கடனினின்றும் கரையேற்றிய கம்பனி தானே பின் ஆழ்ந்தது. அமெரிக்க இலக்கியத்தைப் பதினொரு தொகுதிகளாக அச்சிட்டு அது தவணை முறையில் விற்றது. வாங்குவோர் சிறிது சிறிதாக மாதந்தோறும் கொடுப்பர்; அச்சுக்கும் கட்டுக்கும் முகவருக்கும் கம்பனி முழுத்தொகையையும் முன்னரே கொடுத்தல் வேண்டும். ஆதலின் நூல் எத்துணை மிகுதியாக விலைப்பட்டதோ, கடனும் அத்துணை மிகுந்தது. 1893 ஆம் ஆண்டின் வணிக நெருக்கடியில் வங்கிகள் கையை இறுக்கின. 1894 ஏப்பிரல் 18 இல் கம்பனி வங்குரோத்து அடைந்தது.

இவ்விரண்டிலும் குறை வருவாயின் சிறுமையன்று என்பது நோக்கத்தக்கது. வருவாய் பெரிது, வெளியேறும் வாயில் அதனினும் பெரிது. வள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்திலே வினைவலி, தன்வலி, மாற்றான்வலி, துணைவலி முதலியவற்றைக் கூறி வந்து, இறுதிப் பகுதியிற் பொருளின் வரவையும் செலவையும் அளந்து வாழ்தலைப் பேசினார். படை நடத்துவோனுக்குரிய அதிகாரத்தில் வீட்டுக் கணக்கு எதற்கு என்று மாணாக்கர் சிலர் வினவுவதுண்டு. தன் கையிருப்பின் அளவை அறியாதான் தன் வலியை அறிந்தானாகான் என்பதே விடை.

கம்பனி பிறர்க்குக் கொடுக்க வேண்டிய தொகை எண்பதாயிரம் டொலருக்குக் குறையாதது. கடன் கொடுத்தோர் நூற்றுவருக்குச் சற்றுக் குறைவானோர். மார்க் டுவெய்னின் மனைவி ஒலிவியா அம்மையார் தம் சொந்தப் பொருளிலிருந்து கம்பனிக்குக் கொடுத்த பெருந்தொகை இதன் வேறு. இந்நிலையில் எண்ணெய் வணிகத்தில் வல்லவரான ஹென்றி ரோஜர்ஸ் என்பவர் நண்பராக வந்து கணக்கைக் கையேற்றார். அவர் செய்தவற்றுள் முதன்மையானது, நூல்களின் பதிப்புரிமையை ஒலிவியா பெயருக்கு மாற்றி, அவரையே முதற் கடன்காரராக நிறுத்தியமை. இதனைக் குறைகூறினாரும் உளர். ஆயினும் விதைநெல்லை விற்றுக் கடன் தீர்க்கும் உழவன் மறு ஆண்டு மீண்டும் கடன்படுவான் என்பதை நம் நாட்டார் அறிவர். அவ்வுரிமைகளே மார்க் டுவெய்னின் விதைநெல்.

கடன் கொடுத்தோரிற் பலர் டொலருக்கு ஐம்பது சதம் பெற்று அமைய உடன்பட்டனர். ஒலிவியா உடன்படவில்லை. நூறு சதமும் கொடுத்தே ஆகவேண்டும் என்பது அவர் உறுதி. கணவர் கருத்தும் அதுவே. 1895 ஓகஸ்ட் மாதத்திற் பத்திரிகை வாயிலாக மார்க் டுவெய்ன் இதனை உலகறியக் கூறினார். சட்டம் பாதியோடு விட்டுவிடக்கூடும், மானம் அங்ஙனம் விடாது என்பதும், உயிரோடிருந்தால் நான்கு ஆண்டுகளில் முழுதும் தீர்க்கலாம் என்பதும் அவர் கூற்றின் சாரம். சட்டம் பேசியது கடன் என்னும் சொல்லின் ஒரு பொருளை. அவர் மேற்கொண்டது இரண்டையும்.

உறுதிமொழி கூறுதற்கு ஒரு நாள் போதும். அதனைக் காத்தற்கு ஒவ்வொரு நாளும் வேண்டும். ஊரிலிருந்து மாதச் சம்பளம் பெறுவோனுக்கே கணக்குத் தவறுகின்றது. வழியிலே வாழ்வோன் நிலை இன்னும் கடிது. அவனுக்கு வரவு நிலையில்லாதது. செலவோ நாள் தவறாதது. கப்பற் கட்டணம், புகைவண்டிக் கட்டணம், விடுதி வாடகை, சுமைகூலி என்பன பேச்சு நடந்த நாளுக்கும் உண்டு, நடவாத நாளுக்கும் உண்டு. வருவாயில் ஏற்பாட்டாளர் பங்கு முன்னரே கழியும்.

1895 ஜூலை மாத நடுவில் கிளீவ்லாந்து நகரிலே பேச்சுத் தொடங்கியபொழுது, பிளவை நோயாற் படுக்கையிற் கிடந்து அப்பொழுதுதான் எழுந்திருந்தார் மார்க் டுவெய்ன். மனைவியும் இரண்டாம் மகள் கிளாராவும் உடன் சென்றனர். மூத்தவள் சூசியும் இளையவள் ஜீனும் ஊரில் நின்றனர். வட அமெரிக்காவில் இருபதுக்கு மேற்பட்ட நகரங்களிற் பேசி, ஓகஸ்ட் 23 இல் விக்டோரியாத் துறையிலிருந்து கப்பலேறினார். ஹொனலூலுவிற் பேச ஏற்பாடாகியிருந்தது. கப்பல் அங்குச் சேர்ந்தபோது நகரில் வாந்திபேதி. கரையிறங்க எவர்க்கும் அனுமதியில்லை. கண்முன் தோன்றிய ஊரின் வருவாய் முழுதும் இல்லாமற் போயிற்று. கப்பற் செலவு மாத்திரம் நின்றது. நோயும் அங்ஙனமே கணக்கிற் கைவைத்தது. ஒருமுறை செயப்பூரிலே நோயாற் பல நாட் பேச்சின்றித் தங்க நேர்ந்தது. அத்தகைய நாட்களிற் செலவுப் பக்கம் எழுதப்படும். வரவுப் பக்கம் வெறுமையாயிருக்கும்.

நாணயமும் நாட்டுக்கு நாடு வேறு. அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பவுண், இலங்கையிலும் இந்தியாவிலும் ரூபாய், தீர்க்க வேண்டிய கடன் டொலரில். வெள்ளியின் விலை வீழ்ந்திருந்த அக்காலத்தில், மண்டபம் நிறைந்து சேர்ந்த ரூபாயும் பொன் நாணயக் கணக்கிற்குச் சென்றபொழுது மிகச் சிறுத்தது. மண்டபத்தின் கைதட்டலைக் கொண்டு வருவாயை மதித்தவர் ஏமாறுவர். ஏட்டைக் கொண்டு மதித்தவரே உண்மை அறிவர்.

1896 ஜனவரியில் அவர் கொழும்பை அடைந்தார். ஒரு நாள் தங்கியே பம்பாய்க்குக் கப்பலேறினார். நம் மக்கள் உடையின் வண்ணங்கள் அவர் கண்ணை நிறைத்தன. பாதிரிமார் பாடசாலையிலிருந்து ஐரோப்பிய உடையில் வரிசையாக வந்த சிறுமியரைக் கண்டு மனம் வருந்தினார். இரண்டையும் பின்னர் நூலில் எழுதினார். கல்கத்தாவிலிருந்து திரும்பும் வழியிலும் இரண்டு மூன்று நாள் இலங்கையில் நின்று மொரிசியஸ் சென்றார். பிரயாணி கண்டவற்றைக் குறிப்புப் புத்தகத்தில் அன்றன்று எழுதி வைத்தமையால் அவையும் பின்பு பொருளாயின. வழிச்செலவு முழுதும் வீண்போகாமல், ஒரு நூலுக்கு முதலாயிற்று என்னலாம்.

ஈட்டிய பொருளில் வழிச்செலவு போக எஞ்சியது ரோஜர்ஸிடம் சென்றது. கடனுக்கென ஒதுக்கிய தொகை பிரயாணியின் பையிற் கிடக்கவில்லை என்பதை ஊன்றி நோக்குக. செலவு செய்யும் கை வேறு, சேர்த்து வைக்கும் கை வேறாயிருந்தன. இருவரிடையே சென்ற கடிதங்கள் 1969 ஆம் ஆண்டில் தனி நூலாக வெளிவந்துள்ளன. புகழ்பெற்ற எழுத்தாளர் ஒருவர் எத்துணைக் கவலையோடு தொகைகளை எண்ணிக்கொண்டிருந்தார் என்பதை அங்கே காணலாம்.

தென்னாபிரிக்காவில் யாத்திரை முடித்து 1896 ஜூலை இறுதியில் அவர் இங்கிலாந்தை அடைந்தார். நூற்றுக்கு மேற்பட்ட பேச்சுக்கள் நிகழ்த்தியும் கடன் தீர்ந்தபாடில்லை. ஊரில் நின்ற பிள்ளைகள் வந்து சேர்வர் என்று காத்திருந்த வேளையில், சூசி நோயுற்றாள் என்னும் செய்தி வந்தது. தாயும் கிளாராவும் விரைந்து கப்பலேறினர். அவர்கள் நடுக்கடலிலிருக்கும்போதே, ஓகஸ்ட் 18 இல், இருபத்துநான்கு வயதிற் சூசி இறந்தாள். தந்தை இங்கிலாந்திலே தனித்திருந்து அச்செய்தியைப் பெற்றார். கடன் தீர்க்கச் சென்ற ஓராண்டின் செலவுகளுள் எவ்வேட்டிலும் எழுத இயலாத செலவு இது.

அத்துயரிடையே இலண்டன் செல்சியில் ஒதுங்கி வாழ்ந்து, பிரயாண நூலை எழுதி முடித்தார். 1897 ஆம் ஆண்டில் நியூயோர்க் ஹெரல்ட் பத்திரிகை அவருக்காகப் பொதுமக்களிடம் நிதி திரட்ட முற்பட்டது. களைத்திருந்த மார்க் டுவெய்ன் முதலில் இசைந்தார். ஒலிவியா இசையவில்லை, ரோஜர்ஸும் தகாதென்றார். நிதி நிறுத்தப்பட்டது. ஒருவரிடம் பெற்ற கடனை மற்றொருவரிடம் பெற்ற நன்கொடையால் அடைப்பின் கடன் இடம்மாறுமேயன்றித் தீராது என்பது அவ்வம்மையார்க்குத் தெளிவாயிருந்தது போலும்.

அவ்வாண்டின் இறுதியில் நூல் வெளிவந்து நன்கு விலைப்பட்டது. குடும்பம் அப்பொழுது வியன்னாவில் வாழ்ந்தது. பேச்சின் வருவாயும் நூலின் வருவாயும் ரோஜர்ஸின் திறமையும் கூடி, 1898 ஆம் ஆண்டின் தொடக்கத்திற் கடன் முழுதும் தீர்ந்தது. டொலருக்கு நூறு சதமாகவே தீர்ந்தது. நான்காண்டு என்று கூறியவர் மூன்றாண்டு நிரம்பு முன்னரே தீர்த்தார். பணம் வாங்குவதினும் கொடுப்பதில் தமக்கு இன்பம் மிகுந்தது இதுவே முதன்முறை என்னும் கருத்துப்பட ரோஜர்ஸுக்கு எழுதினார். கடன் கொடுத்தோர் அனுப்பிய நன்றிக் கடிதங்களை ஒலிவியா மீண்டும் மீண்டும் படித்தார். மகளை இழந்தபின் அவர் மகிழ்ந்திருந்த நாள் அது ஒன்றே என்று கணவர் எழுதுகின்றார்.

1898 டிசம்பர் இறுதியில் ஒலிவியா ஐந்தொகை கட்டினார். சொந்த வீடு உண்டு. பதிப்புரிமையின் வருவாய் இரண்டு இலட்சம் டொலர் முதலுக்கு ஒப்பாகும். வங்கியில் ஒரு இலட்சத்து ஏழாயிரம் டொலர் கையிருப்பு. இக்கணக்கைத் தம் நண்பர் ஹவல்ஸுக்கு எழுதிய மார்க் டுவெய்ன், உடனே கடைக்குச் சென்று ஆறு சதச் சுருட்டு ஒரு பெட்டி வாங்கியதையும் எழுதினார். அதுவரை அவர் புகைத்தது நாலரைச் சதச் சுருட்டு.

பேய்ஜின் பொறிக்கு மாதம் மூவாயிரம் டொலர் கொடுத்த அதே மனிதர், ஒன்றரைச் சதம் கூட்டுவதற்கு ஐந்தொகை வரும்வரை காத்திருந்தார். அவர் வாழ்வில் நேர்ந்த மாற்றம் இதுவே. கடனாளிக்கு இது சிறு செய்தியன்று. எவ்வளவு கடன் என்பதை அறியாதபோது அச்சம் எல்லையற்றதாகின்றது; ஏட்டில் எழுதியபின் அது ஒரு தொகையாகின்றது. தொகையாயின் குறைக்கலாம், குறைவதைக் கண்ணாற் காணலாம். கண்டால் மனம் தளராது.

நம்மவருள்ளும் மாத முடிவிற் கடனை எண்ணி உறங்காதார் பலர். மானம் உடையராயிருத்தலாலேயே அக்கடனைப் பிறர்க்குக் கூற நாணி, தமக்கும் கூறாது மறைத்து விடுகின்றனர். அவர்கள் மாதந்தோறும் மூன்று வரி எழுதுதல் போதும்: வந்தது இவ்வளவு, சென்றது இவ்வளவு, நின்ற கடன் இவ்வளவு. மூன்றாம் வரியை எழுதுதற்கே துணிவு வேண்டும். அதனைக் குடும்பத்தவர் ஒருவரேனும் உடனிருந்து காணுதல் நன்று. மார்க் டுவெய்னுக்கு ஒலிவியா இருந்தார்.