குஸ்தாவ் லெயோன்ஹாட்டும் ஹாப்சிக்கோட்டும்

பியானோவின் கட்டையை அழுத்தினால் உள்ளேயுள்ள சிறு சுத்தியல் கம்பியை அடிக்கும். அதனினும் பழைய ஹாப்சிக்கோட்டிலோ இறகின் தண்டு கம்பியைச் சுண்டி மீட்டும். மெல்லத் தொடினும் வன்மையாய் அழுத்தினும் ஒலியளவு ஏறக்குறைய ஒன்றே. பியானோ பரவியபின் இக்கருவி வழக்கொழிந்தமைக்கு இஃதொரு காரணமாகும்.

20ஆம் நூற்றாண்டில் அதற்குப் புத்துயிரளித்த முன்னோர் பியானோவைப் போன்று கனத்த கருவிகளையே நாடினர். 1928இல் ஒல்லாந்திற் பிறந்த லெயோன்ஹாட் அவ்வழிச் சென்றாரல்லர். சுவிற்சலாந்தின் பாசல் நகரிற் பயின்று, 1950இல் வியன்னாவில் அரங்கேறிய அவர், பழைய அமைப்பின்படி செய்த கருவிகளையே விரும்பினார். ஒலியை ஏற்றியிறக்க இயலாதவிடத்துக் காலத்தையே துணைக்கொண்டார். ஒரு சுரத்தை இமைப்பொழுது தாழ்த்துவார். அதற்கு முந்தியதைச் சற்றே குறுக்குவார். கேட்போர் செவி அதனை அழுத்தமென்றே கொள்ளும். குறையை நயமாக்கிய இவ்வுத்தியே அவரது தலையாய சாதனை என்பது எம் துணிபு.

இசைக்குழுவை நடத்துவதிலும் அவர் வல்லவர். 1971 முதல் 1990 வரை, ஹார்னொன்கூட்டுடன் பங்கிட்டு, பாக்கின் சமயக் கந்தாத்தாக்களை இசைத்தட்டுக்களிற் பதிவுசெய்தார். உச்சக்குரற் பகுதிகளைப் பெரும்பாலும் சிறுவரே பாடினர். பிள்ளைக்குரல் சிற்சிலவிடத்துத் தளர்வதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அத்தெளிவு பிறிதோரிடத்துக் கிட்டாது. 1968இல் வெளிவந்த திரைப்படமொன்றிற் பாக்காகவே தோன்றினார். நடித்தார் என்பதினும் வாசித்தார் என்பதே பொருந்தும்.

கூப்மன், ஹொக்வூட் முதலியோர் அவரிடம் பயின்றவர்கள். 2011 டிசெம்பரிற் பாரிசில் இறுதியாக வாசித்த அவர், மறுமாதம் அம்ஸ்ரடாமில் மறைந்தார்.