உங்களுக்குத் தெரியுமா? ஏரி மேல் கிரிக்கெட்!

சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸில் குளிர்காலம் வந்தால் ஏரியே மைதானம். உறைந்த பனிக்கட்டி மேல் விரிப்பைப் போட்டு கிரிக்கெட் ஆடுகிறார்கள்! 2018 பிப்ரவரியில் சேவாக்கும் அஃப்ரிதியும் இங்கே எதிரெதிர் அணிகளில் மோதினார்கள்.

• அதே ஏரியில் 1907 முதல் குதிரைப் பந்தயமும் உண்டு. அதில் ஒரு வகையைப் பார்த்தால் சிரிப்பும் வரும், பயமும் வரும்: குதிரை மேல் ஆளே இல்லை. பின்னால் சறுக்குக் கட்டைகளில் நிற்பவர் நீண்ட வாரைப் பிடித்தபடி இழுபட்டுப் போகிறார். குளம்பு வாரியடிக்கும் பனி முழுக்க அவர் முகத்தில்தான்.

• 1928 குளிர்கால ஒலிம்பிக்கில் இந்த ஆளில்லாக் குதிரைப் பந்தயம் காட்சி விளையாட்டு.

• பார்க்க ஆசையா? பிப்ரவரியில் போங்கள். கோடையில் போனால் அதே இடத்தில் பாய்மரப் படகுதான் ஓடும்.