எந்த வௌவால், எந்த மாதம்?

2018 மே மாதம் கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிரா அருகே ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்துச் சாவு விழுந்தது. காரணம் நிபா வைரஸ் என்று உறுதியானதும், அந்த வீட்டுக் கிணற்றுக்குள் தங்கியிருந்த வௌவால்கள் மேல் சந்தேகம் பாய்ந்தது. பிடித்துப் போபால் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். 'வைரஸ் இல்லை' என்று முடிவு வந்தது. வௌவாலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று பேச்சு கிளம்பிவிட்டது.

ஆனால் கிணற்றில் இருந்தவை பூச்சி தின்னும் இனம். நிபாவைச் சுமப்பது மரங்களில் கூட்டமாகத் தொங்கும் பெரிய பழந்தின்னி வௌவால். அவற்றைப் பிடித்துப் பரிசோதித்தபோது சிலவற்றின் தொண்டையிலேயே வைரஸ் சிக்கியது. நோயாளிகளிடம் கிடைத்த வைரஸோடு அதன் மரபணு 99 சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போனது.

பழந்தின்னியைப் பிடிப்பது லேசான வேலை இல்லை. இரை தேடிப் போகும், திரும்பும் பாதையில் மெல்லிய வலையை உயரக் கட்டிவைத்துக் காத்திருக்க வேண்டும். சிக்கியதைத் தடித்த கையுறையோடு எடுத்து, மயக்க மருந்து கொடுத்து, தொண்டையிலும் ஆசனவாயிலும் பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுப்பார்கள். கொஞ்சம் ரத்தமும் எடுத்துக்கொண்டு, மயக்கம் தெளிந்ததும் பறக்கவிடுவார்கள். மாதிரிகள் உறைநிலையில் புனேயின் உயர் பாதுகாப்பு ஆய்வகத்துக்குப் போகும். மலேசியாவில் நிபாவைக் கண்டறிந்த சுவா காவ் பிங்கின் குழு வௌவாலைத் தொடாமலே ஒரு வழி கண்டது. தியோமான் தீவில் மரத்தடியில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, அதில் விழுந்த சிறுநீரிலிருந்து வைரஸைப் பிரித்தெடுத்தார்கள்.

வைரஸ் வௌவாலைப் படுக்கையில் தள்ளுவதில்லை. எப்போதும் வெளியேறிக்கொண்டும் இருப்பதில்லை. ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள் பழைய தொற்றைக் காட்டும். தொண்டை மாதிரி இன்றைய நிலையை மட்டுமே காட்டும். ஒருநாள் 'இல்லை' என்று வந்ததை வைத்து ஊரே நிம்மதி அடைய முடியாது.

அதற்காக மரத்தை வெட்டு, வௌவாலை விரட்டு என்பதும் வினையில்தான் முடியும். உகாண்டாவின் கிடாகா சுரங்கத்தில் மார்பர்க் வைரஸுக்குப் பயந்து வௌவால்களை அழித்தார்கள். பிறகு அங்கே குடியேறிய கூட்டத்தில் தொற்று 5.1 சதவீதத்திலிருந்து 13.3 சதவீதமாக ஏறியிருந்தது.

கேரளத்தில் நிபா 2019, 2021, 2023, 2024 என்று திரும்பத் திரும்ப வந்தது. எல்லாமே மே முதல் செப்டம்பருக்குள். ஆனாலும் 2018-இன் முதல் நோயாளிக்கு அது எந்த வழியில் தொற்றியது என்பது இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. சாவு விழுந்த பிறகு வலையோடு ஓடினால் அந்த வழி பிடிபடாது. நோய் இல்லாத மாதங்களிலும் அதே மரங்களில் மாதிரி எடுத்துவந்தால்தான், வைரஸ் எப்போது வெளியேறுகிறது என்று தெரியும். கடிபட்ட பழத்தைத் தொடாதீர்கள் என்ற எச்சரிக்கையும் நேரத்தோடு ஊருக்குப் போய்ச்சேரும்.