பதினோரு கிராம் உயிரும் பனி இரவும்

டொராண்டோவில் டிசம்பர் மாத இரவு ஏறத்தாழ 15 மணி நேரம் நீள்கிறது. தோட்டமெல்லாம் பனி மூடிக் கிடக்கும். பூச்சி இல்லை, புழு இல்லை. ஆனாலும் விடிந்ததும் வேலியோரம் 'சிக்கடீ-டீ-டீ' என்று ஒரு குரல் எழுகிறது.

குரலே பெயராகிப்போன பறவை அது. கறுப்புத் தொப்பியும் வெள்ளைக் கன்னமும் கொண்ட சிக்கடீ, நீலகிரியில் காணும் பட்டாணிக்குருவியின் குடும்பம். எடை சுமார் 11 கிராம். மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை அளவுதான். குளிருக்கு அஞ்சித் தெற்கே வலசை போகும் பறவைகளுக்கு நடுவே, இது பெரும்பாலும் பிறந்த வட்டாரத்திலேயே தங்கிவிடுகிறது.

தீனித்தட்டுக்கு வரும் சிக்கடீயைக் கொஞ்ச நேரம் கவனித்தால் போதும். தட்டில் உட்கார்ந்து தின்னாது. சூரியகாந்தி விதை ஒன்றைக் கவ்வும், கிளைக்குப் பறக்கும், விதையைக் கால்களுக்கு இடையில் இடுக்கி அலகால் கொத்தி உடைக்கும். தின்றதும் அடுத்ததற்கு வரும்.

எல்லா விதையும் வயிற்றுக்குப் போவதில்லை. மரப்பட்டை இடுக்கில் ஒன்று, பாசிக்கடியில் ஒன்று என்று தனித்தனியாக ஒளித்து வைக்கிறது. வைத்த இடம் நான்கு வாரம் வரை நினைவில் நிற்பதைச் சோதனைகள் காட்டியுள்ளன. நினைவுக்குப் பொறுப்பான ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியில், இலையுதிர் காலத்தில் புதிய நரம்புச் செல்கள் அதிகம் சேர்வதாக 1994-ல் வெளியான ஓர் ஆய்வு கூறியது.

பகலெல்லாம் தின்று சேர்க்கும் கொழுப்பு அன்றைய இரவுக்கே சரியாகிவிடும்.

இருட்டியதும் ஒரு மரப்பொந்திலோ அடர்ந்த ஊசியிலைக் கிளைக்குள்ளோ தனியாக ஒடுங்குகிறது. இறகுகளை உப்பிக்கொள்ளும்போது இடையில் சிக்கும் காற்று, ரஜாய் போலச் சூட்டைக் காக்கிறது. நெஞ்சுத் தசைகள் நடுங்கி வெப்பம் உண்டாக்குகின்றன. அதற்கும் எரிபொருள் வேண்டுமே! எனவே பகலில் 42 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும் உடல் வெப்பத்தில் சுமார் 10 டிகிரியைக் குறைத்துக்கொள்கிறது. மனிதருக்கு அத்தகைய வீழ்ச்சி உயிராபத்து; சிக்கடீக்கு அது சிக்கனம்.

நாம் போடும் தீனி பறவையைச் சோம்பேறியாக்கிவிடுமோ என்ற கவலை பலருக்கு உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மார்கரெட் பிரிட்டிங்ஹாம், ஸ்டான்லி டெம்பிள் இருவரும் இதை ஆராய்ந்தார்கள். 1988-ல் வெளியான முடிவின்படி, தீனி கிடைத்த சிக்கடீக்களில் 69 சதவீதம் குளிர்காலத்தைத் தாண்டின. கிடைக்காதவற்றில் 37 சதவீதமே. கடுங்குளிர் மாதங்களில்தான் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரிந்தது. பல ஆண்டுகள் தீனி வைத்துவந்த இடத்தில் அதை நிறுத்தியும் பார்த்தார்கள். அங்கிருந்த பறவைகள், தீனித்தட்டையே அறியாத பறவைகளுக்குச் சமமாகப் பிழைத்தன. தட்டிலிருந்து தின்றபோதும் அன்றாட உணவில் பெரும்பகுதியைக் காட்டிலேயே தேடியிருந்தன.

ஆகவே தோட்டக்காரர் செய்ய வேண்டியது கொஞ்சம்தான்: கறுப்புச் சூரியகாந்தி விதை, ஒரு துண்டு மாட்டுக்கொழுப்பு, உறையாத தண்ணீர். நோய் பரவாமலிருக்கத் தட்டை அடிக்கடி கழுவ வேண்டும். பொந்து விழுந்த பட்டமரம் ஆபத்தில்லாத இடத்தில் நின்றால் வெட்டாமல் விடலாம். சாயங்காலம் கடைசி விதையைக் கொத்திய பறவை இரவில் ஒடுங்கப் போவது அதற்குள்ளாகவும் இருக்கலாம்.