சிற்றுருவங்களுக்கு வர்ணம் தெளித்தல்

மேசைப் போர் விளையாட்டின் வீரர்கள் பெரும்பாலும் 28 மில்லிமீட்டர் உயரமே உடையவர்கள். இவர்களுக்கு ஏர்பிரஷ் எனும் காற்றுத் தூரிகையால் வர்ணம் பூச விரும்புவோர், முதலில் பழைய தாளில் புள்ளியும் கோடும் இட்டுப் பழகுவாராக. இருவிசைக் கருவியில் விசையை அழுத்தக் காற்று வரும். பின்னிழுக்க வர்ணம் வரும். அக்ரிலிக் வர்ணம் பாலின் பதத்தில் இருத்தல் வேண்டும். கெட்டியாயின் நுனி அடைபடும்; மிக நீர்த்தாலோ சிலந்திக் கால்கள்போல் ஓடிவிடும். எத்தனை முகங்களை நாம் இவ்வாறு பாழாக்கினோம்!

கறுப்பு அடிப்பூச்சு உலர்ந்தபின் மேலிருந்து மட்டும் வெண்மை தெளித்தால், அங்கியின் மடிப்புகளில் நிழல் தானே தங்கும். கண்ணுக்கும் பொத்தானுக்கும் மயிர்த்தூரிகையே வேண்டும்.

நீரில் கரையும் வர்ணந்தானே என்று வெறும் முகத்தோடு அமர்வது பெருந்தவறு. கண்ணுக்குப் புலனாகாத துளிகள் நுரையீரலின் ஆழம்வரை செல்லக்கூடும். ஆகவே சன்னலைத் திறந்து, துகள் தடுக்கும் சுவாசக் கவசம் அணிந்து, குழந்தைகள் உறங்கும் அறைக்கு அப்பால் இவ்வேலையை வைத்துக்கொள்வோம். முடிந்ததும் கருவியை உடனே கழுவுவோம்; உலர்ந்த வர்ணம் ஊசியை எளிதில் விடாது.